நாய் வண்டிக்குப் பின்னால் இருக்கும் வேலைகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. பெங்களூர் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், கருத்தடைக்காகத் தெருநாய்களைப் பிடித்துப் போகும் நாய் வண்டியோடு நின்றிருந்தேன். பால் பாக்கெட் வாங்க வந்த பையன் ஒருவன், பி.யு.சி. இரண்டாம் வருடம் (தமிழ்நாட்டுப் பிளஸ் டூ மாதிரி) படிக்கிறவன், வண்டி கிளம்பும்வரை வீட்டுக்குப் போகவே இல்லை. கடைசியில் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இந்த வேலையில சேரணும்னா என்ன படிக்கணும்? வீட்ல கேட்டா, நாய் பிடிக்கிறதுக்கு ஒரு படிப்பான்னு திட்டுறாங்க."

தெருவில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. ஆறு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு நாய்க் கருத்தடை மையத்துக்குப் போய்வருகிறேன். சம்பளத்துக்கு இல்லை, அங்கே பதிவேடு எழுதுவது என் பொறுப்பு. அந்தப் பையனுக்கும், அவனைப் போல விலங்குகளோடு வேலை செய்ய ஆசைப்பட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கும், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், விலங்குக் கட்டுப்பாடு என்றால் என்ன? மனிதர்களும் விலங்குகளும் நெருக்கியடித்து வாழும் ஊரில், ஒருவரால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்கென்று சீருடை போட்ட அதிகாரி இருக்கிறார். தெருவில் திரியும் நாய், வேலி தாண்டிய குதிரை, விலங்கை அடித்துத் துன்புறுத்துகிறார்கள் என்ற புகார் எல்லாம் அவரிடம் போகும். நம் நாட்டில் அப்படி ஒற்றைப் பதவி கிடையாது. பெங்களூரில் தெருநாய் மாநகராட்சியின் கால்நடைப் பிரிவைச் சேர்ந்தது. பாம்பு, குரங்கு, பருந்து என்றால் வனத்துறை. வதைப் புகார் என்றால் போலீஸ். நாயைப் பிடித்து ஆபரேஷன் செய்வது பெரும்பாலும் மாநகராட்சியிடம் ஒப்பந்தம் எடுத்த தொண்டு அமைப்புகள். அதனால் 'விலங்குக் கட்டுப்பாட்டு அதிகாரி' என்று விளம்பரம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வேலைகள் சிதறிக் கிடக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே முதல் பாடம்.

இவற்றில் பெரியது நாய் வேலைதான். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

பிடித்த இடத்திலேயே ஏன் விட வேண்டும்?

நாய் வண்டி நின்ற தெருவில் தவறாமல் ஒருவராவது கேட்பார்: "பிடிச்சிட்டுப் போனதைத் திரும்ப இங்கயே ஏன்பா கொண்டுவந்து விடுறீங்க?" நியாயமான கேள்வி. குழந்தையை நாய் கடித்த வீட்டில் இருந்து வந்தால் அது கோபமாகவே வரும். அந்தக் கோபத்தில் தப்பில்லை. ஆனால் பதில் இருக்கிறது.

ஒரு தெருவில் எத்தனை நாய் வாழும் என்பதைத் தீர்மானிப்பது அங்கே கிடைக்கும் சாப்பாடு. குப்பை மேடு, கறிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்துப் பின்வாசல், மனசு இரங்கிச் சோறு வைக்கும் கைகள். அந்தச் சாப்பாட்டுக்கு உரிமை கொண்டாடும் நாய்கள் வெளி நாயை உள்ளே விடாது. இருக்கும் நாய்களை மொத்தமாக அகற்றினால் சாப்பாடு அப்படியே இருக்கும், காவல் மட்டும் போய்விடும். பக்கத்து ஏரியா நாய்கள் வந்து சேரும். அவை ஊசியும் போடாதவை, கருத்தடையும் ஆகாதவை. பெண் நாய் வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், கர்ப்பகாலம் சுமார் 63 நாள், ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டி சாதாரணம். காலியான இடம் நிரம்ப அதிக காலம் ஆகாது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விட்ட நாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். குட்டி போடாது. வெறிநோயும் (ரேபிஸ்) பரப்பாது. ஒரு ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் நாய்க்கு நாய் தொற்றும் சங்கிலி அறுந்துவிடும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு.

இந்த வழிமுறைக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய உறவு உண்டு. சென்னை மாநகராட்சி பல தலைமுறைகளாக நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது, எண்ணிக்கை குறையவில்லை. 1964இல் சென்னை புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடலாம் என்று சொல்லி, அதற்கு ஏபிசி (அனிமல் பர்த் கன்ட்ரோல்) என்று பெயரும் வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆனது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்ததற்கே மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் முன்னோடி. கலாக்ஷேத்ரா என்றால் பரதநாட்டியம் மட்டுமே நினைவுக்கு வருகிற நம்மில் பலருக்கு, 1962இல் தொடங்கிய இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான் என்பது தெரியாது. எனக்கும் மையத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 2001இல் நாய்க் கருத்தடை விதிகள் வந்தன. 2023இல் புது விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இந்தத் துறையில் யார் வேலைக்கு வந்தாலும் 2023 விதிகளை ஒரு தடவையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். தெருவில் நின்று பதில் சொல்ல அதுதான் துணை.

பலன் உண்டா என்றால், பெங்களூர் மாநகராட்சி 2019இல் எடுத்த கணக்கில் தெருநாய்கள் சுமார் 3.10 லட்சம். 2023இல் சுமார் 2.79 லட்சம். பெரிய சரிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரம் பெருத்துக்கொண்டே போன காலத்தில் நாய் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது.

வலை, மேசை, பதிவேடு

அன்று அல்சூரில் அந்தப் பையன் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். வண்டியைத் தெருமுனையில், சற்று மறைவாக நிறுத்துவார்கள். வண்டியின் சத்தமே நாய்களுக்கு அத்துப்படி. வலை என்பது நீளக் கைப்பிடி போட்ட வளையத்தில் பைபோலத் தொங்குவது. பிடிக்கிற அண்ணன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நாயைப் பார்க்காமலே, எங்கேயோ வேலையாகப் போகிறவர் மாதிரி நடப்பார். கண்ணைப் பார்த்தால் போச்சு, நாய் எழுந்துவிடும். பக்கவாட்டில் நெருங்கியதும் மணிக்கட்டு ஒரு திருப்பு. வளையம் தரையில் படியும். நாய் முன்னால் பாய்ந்து வலையின் அடிக்கே போய்ச் சேரும். உடனே கைப்பிடியை முறுக்கி வாயை அடைத்துவிடுவார். இன்னொருவர் ஓடிவந்து கீழே கை கொடுக்க, இருவரும் தூக்கிக் கூண்டில் இறக்குவார்கள். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. கம்பிச் சுருக்கு, கழுத்தைக் கவ்வும் இடுக்கி எல்லாம் விதிப்படி கூடாது. முதல் நாய் கத்தியதும் தெரு முழுக்கச் செய்தி போய்விடும். பிறகு இரண்டு மூன்று கிடைத்தாலே அதிகம்.

அதே தெருவில் பூ கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் கூப்பிட்டால் வலையே வேண்டாம், நாய் மடியில் வந்து படுக்கும். சோறு வைக்கிறவர்களோடு நல்ல உறவு வைத்திருக்கும் குழுவுக்கு வேலை பாதியாகக் குறையும். அவர்களை எதிரியாகப் பார்க்கும் குழு நாள் முழுக்க ஓடித்தான் ஆக வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் தெருவில் அறிவிப்புச் செய்ய வேண்டும் என்றும் விதி சொல்கிறது. எதற்குப் பிடிக்கிறோம், திரும்ப இங்கேயே விடுவோம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் மாதிரி இடங்களில் அதைத் தமிழில் சொன்னால் ஜனங்கள் நின்று கேட்கிறார்கள்; அடுத்த தெருவில் கன்னடம், அதற்கடுத்த தெருவில் உருது. மூன்று பாஷை வாயில் வரும் பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் கைவசம் இருக்கும் பெரிய பலம் இது.

மையத்துக்கு வந்ததும் ஒவ்வொரு நாய்க்கும் எண் போட்ட பட்டை. இரவு சாப்பாடு கிடையாது, மறுநாள் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, பால் கொடுக்கும் தாய் என்றால் ஆபரேஷன் கிடையாது. பெண் நாய்க்குக் கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுப்பார்கள். கைதேர்ந்த டாக்டர் போடும் கீறல் இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. தையல் தானே கரையும் நூலில், தோலுக்கு உள்ளேயே ஓடும். தெருநாய் தையல் பிரிக்க மறுபடி வராது இல்லையா? மயக்கம் தெளிவதற்குள் ஒரு காதின் ஓரத்தில் ஆங்கில எழுத்து வி வடிவில் சின்ன வெட்டு. தெருவில் காது வெட்டிய நாயைப் பார்த்தால், யாரோ கொடுமைப்படுத்திவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அது ஆபரேஷன் ஆனதற்கான அடையாளம், மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் காப்பாற்றும் முத்திரை.

எடுத்த உறுப்புகளை எறிந்துவிட மாட்டார்கள். மருந்துக் கரைசல் ஊற்றிய வாளியில் போட்டு வைப்பார்கள். கண்காணிப்புக் குழு வந்து எண்ணிப் பார்த்துப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும். நாய்க்கு இவ்வளவு என்று மக்கள் பணம் கொடுக்கப்படுவதால் இந்த எண்ணிக்கை. முதல் தடவை அந்த வாளியைப் பார்த்தபோது எனக்குக் குமட்டியது. இப்போது அதை நேர்மையின் கணக்காகத்தான் பார்க்கிறேன்.

பதிவேடு என்றால் எழுத்து வேலைதானே என்று தோன்றலாம். நான் செய்த தவறு ஒன்றைச் சொன்னால் புரியும். சேர்ந்த இரண்டாம் வருடம், இரண்டாவது கிராஸில் (குறுக்குத் தெருவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பிடித்த ஒரு செவலை நாய்க்கு மூன்றாவது கிராஸ் என்று எழுதிவிட்டேன். விடுகிற குழு எழுதியபடியே விட்டது. நடுவில் ஒரு தெருதான். ஆனால் மூன்றாவது கிராஸ் நாய்களுக்கு அது அந்நியன். ஆபரேஷன் ஆகி நான்கு நாளான உடம்பில் கடி வாங்கி, ஒரு காரின் அடியில் இரண்டு நாள் கிடந்தது. தினமும் பிஸ்கட் போடும் தாத்தா ஒருவர் தேடிக் கண்டுபிடித்துப் போன் பண்ணினார். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து தெரு, கிராஸ் எண், எதிரே என்ன கடை, நிறம், நேரம் எல்லாம் எழுதி, பிடித்த இடத்தில் ஒரு போட்டோவும் கேட்டு வாங்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

சரி, என்ன படிக்க வேண்டும்?

எந்த நாற்காலியில் உட்கார ஆசை என்பதைப் பொறுத்தது.

டாக்டராக என்றால் கால்நடை மருத்துவப் பட்டம், பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம். பிளஸ் டூவிலோ பி.யு.சி.யிலோ உயிரியல் கட்டாயம். பெங்களூரில் ஹெப்பாளில் அரசுக் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903 முதல் நடக்கிறது. பட்டம் வாங்கிய கையோடு நாய்க் கருத்தடை வேகமாகவும் சுத்தமாகவும் கைவந்துவிடாது. ஊட்டிப் பக்கம் நீலகிரியில் வேர்ல்டுவைடு வெட்டர்னரி சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் பயிற்சி மையத்தில் டாக்டர்கள் இதற்கென்றே வந்து கற்றுக்கொள்கிறார்கள். மாநகராட்சியில் அதிகாரியாக உட்காருகிற டாக்டர்கள் பெரும்பாலும் மாநிலக் கால்நடைத் துறையிலிருந்து வருகிறவர்கள். அரசு வேலை வேண்டும் என்கிற தமிழ்ப் பிள்ளைகள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதைத் தள்ளிப்போடக் கூடாது. பேசத் தெரிந்தால் மட்டும் போதாது.

அவ்வளவு வருடம் படிக்க வசதி இல்லை என்றால் கால்நடைப் பராமரிப்பில் இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது. ஊசி, மயக்கத்துக்கு முன் தயாரிப்பு, ஆபரேஷனுக்குப் பிறகான கவனிப்பு எல்லாம் இவர்கள் கையில். ஒரு மையம் நல்ல மையமா இல்லையா என்பதை நான் டாக்டரை வைத்து முடிவு செய்வதில்லை, இவர்களை வைத்துத்தான் முடிவு செய்வேன். ராத்திரி தையல் வீங்கினால் முதலில் பார்ப்பது இந்தக் கண்கள்.

வலை பிடிக்கவும் கூண்டு கழுவவும் பட்டம் கேட்பதில்லை. டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் நல்லது. இந்த வேலைக்குச் சம்பளம் குறைவு, பெரும்பாலும் ஒப்பந்தம், ஒப்பந்தம் மாறினால் முதலாளியும் மாறுவார். மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஒரு கணமும் தவறாத கை, வருடக்கணக்கில் கற்ற நாய் மொழி இரண்டும் உள்ள மனிதரைக் 'கூலி' என்று கணக்கெழுதுவது எனக்கு வலிக்கிறது. வேலையில் சேரும் முன் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கையுறை, தடுப்பூசிச் செலவு இவற்றை யார் தருகிறார்கள் என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

இவை தவிர, கணக்கெடுப்பு, புகார் எடுக்கும் போன், பள்ளிகளில் போய்ப் பேசுவது என்று வேலைகள் உண்டு. கணக்கெடுப்பில் விடியற்காலையில் இரண்டிரண்டு பேராக பைக்கில் குறிப்பிட்ட பாதையில் போய்ப் பார்க்கும் நாய்களைச் செயலியில் பதிவார்கள். உயிரியல் தெரியாதவர்கள் இதன் வழியாக உள்ளே வரலாம்.

பாம்பைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கையோடு சொல்கிறேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும்தான் நம் ஊர் விஷமுறிவு மருந்து. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் பெரும் பங்கு சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மலைப்பாம்பு பிடிக்க அவர்களை ஃபுளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அந்த அறிவுக்கு முன்னால், கொக்கிக் கம்பியோடு செல்ஃபி எடுப்பது எங்கே? பாம்பைத் தொடுவதற்கே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 குறுக்கே நிற்கும். வனத்துறை அனுமதி பெற்ற மீட்பாளரிடம் உதவியாளராகச் சேர்ந்து பழகுவதுதான் வழி. மாஞ்சா நூலில் சிறகு அறுந்த பருந்து, மின்கம்பியில் அடிபட்ட குரங்கு இவற்றைக் கவனிக்க விருப்பமா? கெங்கேரிப் பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் காட்டுயிர் மருத்துவமனை இருக்கிறது.

கடி

ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. வருவதற்கு முன் தடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் கடி வாங்குவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப் போட்டவர்களுக்குக் கடிபட்ட பிறகு, அன்றும் மூன்றாம் நாளும் என்று இரண்டே ஊசி போதும், காயத்தைச் சுற்றிப் போடும், விலை கூடிய இம்யூனோகுளோபுலின் என்ற உடனடிப் பாதுகாப்பு மருந்து தேவைப்படாது. யாராக இருந்தாலும் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து என்றால் கடிகாரம் பார்த்துப் பதினைந்து. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இன்னும் சில வீடுகளில் இவற்றைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

மனசுக்கு விழும் கடியும் உண்டு. வெறி பிடித்த நாயைத் தனிக் கூண்டில் வைத்து அது சாகும்வரை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தேறவே முடியாதபடி அடிபட்டு வருவதை டாக்டர் ஊசி போட்டு அமைதியாக அனுப்ப வேண்டியிருக்கும். அன்று யாரும் அதிகம் பேச மாட்டோம். டீ வாங்கி வந்து வைப்போம், குடிக்காமலே ஆறிப்போகும். விலங்கென்றால் உயிர் என்று சொல்லி வருகிறவர்கள் இரண்டாவது வாரமே நின்றுவிடுவதும் இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சட்டமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி சுற்றுவட்டாரத் தெருநாய்களைக் காப்பகங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை ஆபரேஷனும் ஊசியும் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7 அன்று, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்த நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. பெங்களூரிலும் 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. பிடித்த நாய்களை நீண்ட காலம் வைத்துப் பார்க்கும் காப்பகங்கள் பெருகினால், அவற்றுக்குப் பழக்கமான கைகள் நிறைய வேண்டியிருக்கும். அந்தக் கைகள் இப்போது போதுமான அளவில் இல்லை என்பது என் கவலை.

அல்சூர்ப் பையனுக்கு அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: பரீட்சை முடியட்டும், முதலில் ரேபிஸ் தடுப்பூசியை முடித்துவிட்டு வா. மையத்தில் சேரும்போது மார்க் ஷீட்டுக்கு முன்னால் அந்த ஊசிச் சீட்டைத்தான் கேட்பார்கள். முழங்கால் மறைக்கும் பேன்ட், மூடின ஷூ, வீணானாலும் கவலை இல்லாத பழைய சட்டை. முதல் ஒரு மாதம் யாரும் உன் கையில் வலை கொடுக்க மாட்டார்கள். கூண்டு கழுவணும், பாத்திரம் தேய்க்கணும், சோறும் கோழிக் கறியும் வேகவைத்து ஆறவைக்கணும். ஒவ்வொரு கூண்டு முன்னாலும் நின்று எது சாப்பிட்டது, எது சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று பார்த்து என்னிடம் வந்து சொல்லணும். நான் எழுதிக்கொள்கிறேன்.